உக்கிராண அறையின் சாவி யாரிடம்? திருச்சபை ஆண்டை ஒரு கணக்குப் புத்தகமாக வாசிப்பது பற்றி

தேரிக்காட்டான் | 24 நவம்பர் 2024

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வரும் ஞாயிறு அட்வெந்து முதல் ஞாயிறு, கிறிஸ்மஸுக்கு ஆயத்தப்படுகிற காலத்தின் தொடக்கம். திருச்சபைக்குப் புது வருஷம் பிறக்கிறது. எங்கள் ஊர்ச் சபையில் நான் பொருளாளராக இருப்பதால் இந்த நாட்களில் பழைய நோட்டை முடித்துப் புது நோட்டுக்குக் கோடு போடுவேன். அரசாங்கக் கணக்கு மார்ச்சில் முடிகிறது, அது வேறு. ஆனால் என் மனசுக்குள் கணக்கு அட்வெந்தில்தான் முடிகிறது.

ஒரு வார்த்தை என்னை ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருக்கிறது. நம் பழைய வேதாகமத்தில் லூக்கா 16-ல் வரும் "உக்கிராணக்காரன்", எஜமானுடைய பொருளுக்குப் பொறுப்பானவன். என் சிறுவயதில் கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, தேங்காய், வாழைக்காய் எல்லாம் அதற்குள். அதன் சாவி ஒரு மாமாவின் இடுப்பில் இருக்கும். அந்த மாமா மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை, பெண்ணைப் பெற்றவரும் இல்லை. உள்ளே இருக்கிற ஒரு தேங்காய்கூட அவருடையது கிடையாது. ஆனால் பந்தியில் ஒருவருக்குச் சாப்பாடு கிடைக்காமல் போனால் வசவு அவருக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மீதியை எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்காருவார்.

நம் சபைகளில் உக்கிராணத்துவம் என்ற சொல் வருஷத்துக்கு ஒரு தடவை, விளைச்சலைக் கோயிலில் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் கேட்கும். அப்போதும் அதற்குப் பொருள் "காணிக்கை கூடுதலாகப் போடுங்கள்" என்பதுதான். அந்த மாமாவை நினைக்கிறபோது இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வருஷம் டிசம்பர் 17, அட்வெந்து மூன்றாம் ஞாயிறு. அன்றைக்குப் பெய்த மழையை நம் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. எங்கள் ஊரில் குளத்தங்கரைத் தெரு முழுகிப்போய் இரவு எட்டு மணிக்கு ஜனங்கள் கோயிலுக்கு வந்தார்கள். பாதிப் பேர் நம் சபை இல்லை, வேறு மதத்தவர்கள். பிள்ளைகள் பசியில் அழுதார்கள். குருவானவர் அங்கி உடுத்துகிற வெஸ்திரிக்குப் பக்கத்து அறையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடி அரிசி, வீடுதோறும் உலை வைக்கிறபோது ஒரு கைப்பிடி எடுத்துச் சேர்த்த அரிசி, இருந்தது. செப்டம்பரிலிருந்து சேர்ந்தது, 60 படிக்கு மேல். கிறிஸ்மஸுக்கு முன் விற்றுப் பணமாக்கிச் சங்கத்துக்குக் கட்டவேண்டிய அரிசி.

சாவி என் சட்டைப்பையில். நான் நின்றேன். கமிட்டித் தீர்மானம் இல்லாமல் திறக்கலாமா, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கால்மணி நேரம் நின்றேன். அந்தக் கால்மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் சீரணிக்க முடியவில்லை. ஒரு பாட்டி வந்து, "நான் போட்ட அரிசியும் அதுல கெடக்கு ஐயா, தெறங்க" என்றார். திறந்தேன்.

என் கேள்வி இதுதான். அட்வெந்திலிருந்து அடுத்த அட்வெந்து வரை நாம் வாசிக்கிற வேதபாடங்களை இந்தச் சாவி கையில் இருப்பவனாக வாசித்தால் என்ன கிடைக்கும்? உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். அவசரமில்லை, வருஷம் முழுக்கப் பேசலாம்.

மறைக்கல்வி டீச்சர் | 25 நவம்பர் 2024

அண்ணாச்சி, வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கத்தோலிக்கத் திருச்சபை, தூத்துக்குடி. எங்கள் பொது மொழிபெயர்ப்பில் லூக்கா 16-ல் "வீட்டுப் பொறுப்பாளர்" என்று இருக்கிறது. நல்ல தமிழ், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனால் நீங்கள் சொன்ன அரிசி வாசனை அதில் இல்லை. அடுத்த வகுப்பில் உங்கள் மாமாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன், நவம்பர் 10 அன்று, எங்கள் திருப்பலியில் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு வாசிக்கப்பட்டது, மாற்கு 12. காணிக்கைப் பிரசங்கத்துக்கு எல்லாரும் எடுக்கிற பகுதி. ஆனால் அன்றைய வாசகம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 38-ஆம் வசனத்தில், நீண்ட அங்கி போட்டுக்கொண்டு கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞரைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள் என்று தொடங்குகிறது. அடுத்த காட்சியிலேயே ஒரு கைம்பெண் தன் பிழைப்புக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறாள். அதற்கடுத்த அதிகாரத்தில், இந்தக் கோவிலில் கல்லின்மேல் கல் இராது என்கிறார் ஆண்டவர்.

அப்படியானால் அவர் அவளைப் புகழ்ந்தாரா, அவளுக்காக வேதனைப்பட்டாரா? இரண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் கொடுத்தது பெரிது. அதை வாங்கிய இடம் அவளுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய இடம். காணிக்கை எண்ணுகிற மேசையில் உட்காருகிற எல்லாரும் அந்த வசனங்களைச் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

கிணத்தடி | 25 நவம்பர் 2024

டீச்சர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஏலம்தான் ஞாபகம் வருகிறது.

நான் ஏரல் பக்கம், வாழை விவசாயி. எங்கள் அப்பா காலத்தில் எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு அம்மா வீட்டுக் கொல்லையில் காய்த்த ஒரு பூசணிக்காயைத் துடைத்துக் கொண்டுபோய் ஆல்டரில் வைப்பார்கள். ஆராதனை முடிந்து ஏலம். வெளியூரில் கடை வைத்திருக்கிற குடும்பங்கள் போட்டி போட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். பெயர் மைக்கில் வரும், கைதட்டு. அம்மா வைத்த பூசணிக்காய் அடிமட்டத்துக்குப் போகும், சில வருஷம் கேட்க ஆள் இருக்காது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருவார். நான் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு எனக்கு நிலம் இருக்கிறது, என்னால் கூடக் கேட்க முடியும். ஆனால் ஏலத்தில் நிற்க மனசு வருவதில்லை.

ஓய்வு உபதேசியார் | 28 நவம்பர் 2024

பிள்ளைகளே, எனக்கு 78 வயது. பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

தம்பி கிணத்தடி, உங்கள் அப்பாவின் வருத்தம் நியாயமானது. ஆனால் பண்டிகையைக் குறை சொல்லாதீர்கள். ஏலம் ஏன் வந்தது? ஜனங்களிடம் பணம் கிடையாது. நெல், கருப்பட்டி, கோழி, முட்டை, ஓலைப்பெட்டி, அவர்கள் கையில் எது இருந்ததோ அதைக் கொண்டுவந்தார்கள். அதைக் காசாக்க ஒரு வழி வேண்டியிருந்தது. பணம் இல்லாதவனும் கொடுக்கலாம் என்பதற்காக வந்த வழி, பணம் இருக்கிறவன் பெயர் வாங்குகிற இடமாக மாறிவிட்டது. மாறினதைத் திருத்தலாம்.

இப்போது நாம் கொண்டாடுகிற மாதிரியான அறுப்பின் ஆராதனை அப்படி ஒன்றும் பழையது இல்லை. 1843-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் தன் சபையை அழைத்து நடத்தியதிலிருந்துதான் அது ஆங்கிலேயத் திருச்சபையில் பரவியது. ஆனால் வேதத்தில் அறுப்புப் பண்டிகை மோசே காலத்திலிருந்து இருக்கிறது. பெந்தெகொஸ்தே என்பதே கோதுமை அறுப்பின் முதற்பலன் நாள்தான். லேவியராகமம் 23-ஐ எடுங்கள். 21-ஆம் வசனம் வரைக்கும் பண்டிகையின் முறைமை. உடனே 22-ல், வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று வருகிறது. ஆண்டவருக்குக் கொண்டுவருகிற கதிர்க்கட்டும் எளியவனுக்கு விட்டுவருகிற ஓரமும் ஒரே பேச்சில் வருகின்றன. நாம் கதிர்க்கட்டை வைத்துக்கொண்டோம், ஓரத்தை மறந்துவிட்டோம். மோவாபியப் பெண் ரூத் பிழைத்தது அந்த ஓரத்தினால். தாவீது ராஜாவின் வம்சமே அந்த ஓரத்திலிருந்து வந்தது.

பிடி அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஜில்லாவிலிருந்து 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரும் அவரோடு இருந்தவர்களும். இந்தியருடைய பணம், இந்தியருடைய ஆட்கள், இந்தியருடைய நிர்வாகம் என்பது அவர்களுடைய தீர்மானம். அந்தப் பணத்துக்கு ஜமீன்தார் யாரும் பின்னால் இல்லை. உலை வைக்கிறபோது ஒரு கைப்பிடியை எடுத்துப் பானையில் போட்டுவிட்டு மீதியைப் பொங்கின தாய்மார்கள் இருந்தார்கள். நான் உபதேசியாராக இருந்த ஊர்களில் நானே வீடு வீடாகப் போய் அந்த அரிசியை அளந்து வாங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் அன்றைக்குப் பானையில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா வெட்கப்பட்டு உள்ளே போய் ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து தந்தார்கள். 40 வருஷம் ஆகிறது, அந்தக் கை எனக்குக் கண்ணில் நிற்கிறது.

தேரிக்காட்டான் தம்பி, அன்று இரவு நீங்கள் திறந்தது சரி. கால்மணி நேரம் யோசித்ததும் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தவன் பொருள் என்ற பயம் இல்லாதவனிடம் சாவி இருக்கக்கூடாது.

முதல்சம்பளம் | 15 டிசம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். பெயரிலேயே தெரியும், இந்த அக்டோபரில்தான் வேலைக்குச் சேர்ந்தேன், சென்னையில். முதல் மாசச் சம்பளத்தை அப்படியே ஊர்க் கோயிலில் முதற்பலனாகப் படைத்தோம். அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம், எனக்கும்தான்.

இப்போது கஷ்டம் வேறு. இங்கே நான் போகிற ஒரு சபையில் தசமபாகம் பற்றி மூன்று வாரமாகப் பிரசங்கம். மல்கியா 3-ஐ வாசித்து, பத்தில் ஒன்று கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், அவன் சம்பளம் பொத்தலான பையில் விழும் என்றார் போதகர். எனக்குப் படிப்புக் கடன் இருக்கிறது. அப்பாவுக்கு மருந்துச் செலவு. வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்பினால் பத்தில் ஒன்று கையில் நிற்பதில்லை. ராத்திரி தூங்க முடியவில்லை. நான் திருடியா?

தேரிக்காட்டான் | 15 டிசம்பர் 2024

இல்லை தங்கச்சி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கு.

இப்போது மல்கியா 3-ஐ நீயே எடுத்து 5-ஆம் வசனத்திலிருந்து வாசி. பத்தாம் வசனத்துக்கு வருவதற்கு முன்னாலேயே கர்த்தர் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக வருகிறார் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவன் இருக்கிறான், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவன் இருக்கிறான், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவன் இருக்கிறான். அப்புறம் பத்தாம் வசனம்: "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படித் தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்." ஆகாரம், பண்டசாலை. அது தானியம். யார் சாப்பிட? உபாகமம் 14-ன் கடைசியில் மூன்றாம் வருஷத் தசமபாகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. நிலமில்லாத லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக அதை ஊர்வாசலில் வைக்கவேண்டும். நோயாளித் தகப்பனுக்கு மருந்து வாங்குகிற மகளைப் பயமுறுத்துவதற்கு அந்த வசனம் எழுதப்படவில்லை. கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களை ஆண்டவர் மாற்கு 7-ல் கண்டித்ததையும் வாசித்துப் பார்.

மறைக்கல்வி டீச்சர் | 15 டிசம்பர் 2024

இன்றைய எங்கள் நற்செய்தியும் இதையே பேசியது, லூக்கா 3. "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று திருமுழுக்கு யோவானிடம் மூன்று கூட்டத்தார் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும், வரிதண்டுகிறவர் விதித்ததற்குமேல் வாங்கவேண்டாம், படைவீரர் மிரட்டிப் பறிக்காமல் சம்பளத்தோடு நிற்கட்டும். ஆண்டவரின் வருகைக்கு ஆயத்தம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் துணியும் வரியும் சம்பளமும். கோவிலுக்கு இவ்வளவு கொடு என்று அந்தப் பதிலில் எங்கேயும் இல்லை பாப்பா.

ஓய்வு உபதேசியார் | 17 டிசம்பர் 2024

மகளுக்கு இவர்கள் சொன்ன ஆறுதல் சரி. ஆனாலும் ஒரு காரியத்தில் நான் ஒத்துப்போகவில்லை.

பத்தில் ஒன்று நியாயப்பிரமாணம், நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நூற்றில் ஒன்றுகூடக் கொடுக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மருந்துச் செலவும் இல்லை, படிப்புக் கடனும் இல்லை. அளவு என்று ஒன்று இல்லாவிட்டால் மனுஷனுக்கு மிச்சமிருப்பதைக் கொடுக்கிற பழக்கம் வந்துவிடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதினபோது, வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துத் தன்னிடத்தில் சேர்த்துவைக்கட்டும் என்றார். இரண்டு காரியம் அதில் இருக்கிறது. தவறாமல் எடுப்பது ஒன்று, வரவுக்குத் தக்கதாக என்பது ஒன்று. பிடி அரிசியும் அப்படித்தான். பெரிய கை பெரிய பிடி, சின்னக் கை சின்னப் பிடி. ஆனால் தினமும் எடுத்தார்கள்.

மகளே, இப்போது உன்னால் நூற்றில் இரண்டு முடிந்தால் இரண்டை எடு. முதலில் எடு, கடைசியில் எடுக்காதே. கடன் தீரத்தீரப் பிடியைப் பெரிதாக்கு. கொடுக்கிற இடத்தையும் நீயே ஜெபத்தோடு தீர்மானி. பயந்து கொடுத்தால் அது கப்பம். 2 கொரிந்தியர் 9:7-ல் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று எழுதியிருக்கிறது.

முதல்சம்பளம் | 17 டிசம்பர் 2024

தாத்தா, கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு சதவீதத்தில் தொடங்குகிறேன்.

தேரிக்காட்டான் | 7 மார்ச் 2025

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின உபவாச காலமான லெந்து வந்துவிட்டது. நேற்று முன்தினம் சாம்பல் புதன். வழக்கம்போல ஆளுக்கொரு காணிக்கை உறை கொடுத்தோம்.

இந்த இரண்டு மாசத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் நான் கமிட்டியில் ஒரு யோசனை வைத்தேன். மாசாமாசம் வரவு செலவை ஒரு பலகையில் எழுதிக் கோயில் வாசலில் வைப்போம் என்றேன். எதிர்ப்பு வந்தது. "சபைக் கணக்கைத் தெருவில் வைப்பதா, புறமதத்தார் பார்ப்பார்களே" என்றார் ஒருவர். இன்னொருவர், "தம்பிக்கு நம்மேல் சந்தேகமா?" என்று நேராகவே கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. கணக்குக் கேட்பதே அவமரியாதை என்று நினைத்து வளர்ந்த மனிதர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் 2 கொரிந்தியர் 8-ஐ எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். எருசலேமின் ஏழைகளுக்காக ஊர் ஊராகத் தர்மப்பணம் சேர்த்த பவுல் அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். காரணம் 20, 21-ஆம் வசனங்களில் இருக்கிறது: ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம், "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்." அப்போஸ்தலன் பவுலே சாட்சி வைத்துக்கொண்டார், நாம் யார் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. மார்ச்சிலிருந்து பலகை வைக்கலாம் என்று தீர்மானம் ஆனது.

லெந்தில் ஏசாயா 58-ஐ ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன். உபவாசிக்கிற நாளிலேயே வேலைக்காரரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறீர்களே என்று அதில் ஒரு வசனம் உண்டு. கோயில்பிள்ளைக்கு நாங்கள் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறோம் என்று அன்றைக்குத்தான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஏழு வருஷமாக ஒரே தொகை. மணி அடிக்கிறவர், கூட்டுகிறவர், கல்லறைக் குழிக்கு ஆள் பிடிக்கிறவர். பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தை தியானத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியாருக்கு ஒரே நாளில் கொடுக்கிற காணிக்கை அவருடைய மாசச் சம்பளத்தைவிட அதிகம். இதை நான் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்துவந்திருக்கிறேன்.

மறைக்கல்வி டீச்சர் | 8 மார்ச் 2025

அண்ணாச்சி, அந்தப் பலகைக்காக ஆண்டவருக்கு நன்றி. ஏசாயா 58 எங்களுக்குத் திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று வாசகம், நேற்றுத்தான் கேட்டோம். நீங்களும் அதே நாளில் எழுதியிருக்கிறீர்கள்.

ஏறக்குறைய கி.பி. 155-ல் புனித ஜஸ்டின் உரோமைப் பேரரசனுக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும். அது முடிந்ததும், வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள், சேர்ந்தது தலைவரிடம் வைக்கப்படுகிறது, அவர் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உதவுகிறார் என்கிறார். கட்டடம், ஒலிபெருக்கி எதுவும் அந்த வரிசையில் இல்லை. அவர்களுக்குக் கட்டடமே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வரிசையை நம் வரவு செலவுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கிணத்தடி | 26 மே 2025

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், தார் வெட்டு நேரம்.

பரமேறுதல் திருநாள் இந்த வியாழன். அதற்கு முந்தின மூன்று நாளும் பழைய திருச்சபையில் வயல் ஜெப நாட்கள் என்று எங்கள் ஐயர் சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சில் வியன் என்ற ஊரின் பேராயர் மாமெர்த்துஸ் தொடங்கியதாம். ஜெபித்துக்கொண்டே வயல்களைச் சுற்றிப் பவனி வருவார்களாம். இன்று காலை நான் தனியாக என் தோட்டத்து வரப்பைச் சுற்றி நடந்தேன். சங்கீதம் 24 மனப்பாடம்: "பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது." சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தபோது தெற்கு மூலையில் நின்றுவிட்டேன். அந்த மூலையில் மண் கட்டிப்போய்விட்டது. மண்புழுவைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு ரசாயன உப்புரம் கொட்டியிருக்கிறேன், நானும் எனக்கு முன்னால் குத்தகைக்கு வைத்திருந்தவரும்.

ஆதியாகமம் 2:15-ல் மனுஷனை ஏதேன் தோட்டத்தில் "பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார் என்று இருக்கிறது. பண்படுத்துவதை நாம் விடவில்லை. காப்பதை விட்டுவிட்டோம். பட்டா என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் லேவியராகமம் 25:23-ல் தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும் என்று எழுதியிருக்கிறதே. அப்படியானால் நானும் குத்தகைக்காரன்தான். திருப்பிக் கொடுக்கிறபோது மண் எப்படி இருக்கவேண்டும்?

தேரிக்காட்டான் அண்ணாச்சிக்கு மெய்ஞ்ஞானபுரம் தெரிந்திருக்கும். 192 அடிக் கோபுரத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நான் போனால் மரங்களைப் பார்ப்பேன். 1830-களின் கடைசியில் ஜான் தாமஸ் ஐயர் வந்தபோது அங்கே செம்மணல்தான் பறந்துகொண்டிருந்தது. கிணறு வெட்டி, மரம் நட்டு, தண்ணீர் இறைத்து, 1870-ல் சாகிறவரை அங்கேயே இருந்தார். கோபுரம் கட்டினதும் ஊழியம், கிணறு வெட்டினதும் ஊழியம்.

இந்த வருஷம் தெற்கு மூலையில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து மடக்கி உழப்போகிறேன். அந்தப் பாகத்தில் வாழை கிடையாது. வருமானம் குறையும், தெரிந்துதான் செய்கிறேன்.

மறைக்கல்வி டீச்சர் | 8 ஜூன் 2025

பெந்தக்கோஸ்துத் திருநாள் வாழ்த்துகள். உபதேசியார் ஐயா சொன்ன லேவியர் 23-ஐ இன்று வகுப்பில் பேசினேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்களுக்கு வயல் இல்லையே, கடலுக்கு ஓரம் எது?" என்று கேட்டான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களை வீட்டில் எல்லாரும் கஷ்டகாலமாகத்தான் பார்ப்பார்கள், கஷ்டம்தான். நிவாரணத் தொகை கைக்கு வந்துசேரும் நாளை வைத்துத்தான் அடுப்பு எரியும். ஆனால் அவன் கேட்டதும் எனக்குத் தோன்றியது, கடலின் ஓரம் இடத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. ஏழாம் வருஷம் நிலம் ஓய்ந்திருக்கட்டும் என்று லேவியர் 25 சொல்கிற அதே ஓய்வு. உயிர்ப்பு ஞாயிறும் பெந்தக்கோஸ்தும் இந்த வருஷம் தடைக்காலத்துக்குள்ளேயே வந்தன.

இது எங்களுக்கு யூபிலி ஆண்டும்கூட. லேவியர் 25-ல் யூபிலி என்றால் வறுமையால் தன்னை விற்றவர் விடுதலையாவதும் இழந்த நிலம் திரும்புவதும். தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கிய பணத்தை வருஷம் முழுக்கக் கட்டுகிற குடும்பங்கள் என் வகுப்பிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு யூபிலி எப்படி வரும் என்று பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறேன். வட்டியில்லாத ஒரு சிறு நிதி தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

முதல்சம்பளம் | 3 ஆகஸ்ட் 2025

தாத்தா, இப்போது நான்கு சதவீதம். அதில் ஒரு பாதியை எங்கள் ஊர்ச் சபையின் படிப்பு உதவிக்கு அனுப்புகிறேன். ஒரு அக்கா வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம்.

தோழியோடு இன்று கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனேன். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரன் உவமை வாசித்தார்கள். அவன் பேச்சில் நான், என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா என்பதைத் தவிர வேறு ஆளே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

மறைக்கல்வி டீச்சர் | 3 ஆகஸ்ட் 2025

நல்ல கவனிப்பு பாப்பா. புனித பசிலியார் இந்த உவமைக்குச் செய்த மறையுரை இன்றைக்கும் இருக்கிறது. 368, 369 வாக்கில் அவருடைய செசரியா நகரப் பக்கத்தில் கடும் பஞ்சம். நீ பிடித்து வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டியிருக்கிற ஆடை ஆடையில்லாதவனுடையது என்ற கருத்தில் பேசினார். களஞ்சியம் வேண்டுமா, ஏழைகளின் வீடுகளே உனக்குக் களஞ்சியம் என்றும் சொன்னார். பேசியதோடு நிற்கவில்லை, பசித்தவர்களைத் திரட்டிக் கஞ்சி ஊற்றினார்.

ஓய்வு உபதேசியார் | 22 செப்டம்பர் 2025

நேற்று டீச்சர் சபையில் லூக்கா 16 வாசித்திருப்பார்கள் என்று பேரன் சொன்னான். தம்பி தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டோம்.

"உன் உக்கிராணக் கணக்கையொப்புவி." வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அவன் என்ன செய்தான்? நூறு குடம் எண்ணெய்ச் சீட்டை ஐம்பதாக்கினான், நூறு கலம் கோதுமையை எண்பதாக்கினான். 50 வருஷம் இந்த உவமையைப் பிரசங்கித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் திணறியிருக்கிறேன். அநீதி செய்தவனை எஜமான் மெச்சினாரே, எப்படி என்று. இப்போது படுக்கையில் கிடக்கிறபோது ஒன்று தெளிகிறது. அதுவரை அவன் எஜமானுடைய பொருளைத் தனக்காகச் சிதறடித்தான். நேரம் முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுடைய கடன் சீட்டு அவன் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கும் நேரம் முடிகிறது பிள்ளைகளே. என்னிடம் கடன் வாங்கின இரண்டு பேருடைய சீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. நேற்று எடுத்துக் கிழிக்கச் சொன்னேன். பெரிய தொகை இல்லை. அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

தேரிக்காட்டான் | 29 நவம்பர் 2025

நாளைக்கு அட்வெந்து. உபதேசியார் ஐயா இப்போது எழுந்து உட்காருகிறார் என்று பேரன் செய்தி அனுப்பினார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் அறுப்பின் பண்டிகை சென்ற மாசம் முடிந்தது. ஏலத்தை நிறுத்தவில்லை, பெரியவர்களுக்கு மனசு இல்லை. ஆனால் மைக்கில் பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். ஏலத்துக்கு முன்னால் ஆல்டரில் வந்ததில் ஒரு பங்கை ஓரமாக எடுத்து வைத்தோம், அது விற்பனைக்கு இல்லை. கிணத்தடி தம்பியும் வந்திருந்தார், ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தார். அந்தப் பூசணிக்காய் ஓரத்துப் பங்கில் போய், மறுநாள் சபையின் பொது விருந்தான அசனத்தில் எல்லார் இலைக்கும் வந்தது.

கோயில்பிள்ளைக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறோம், போதாது, இன்னும் கூட்டவேண்டும்.

வெள்ள நாள் அரிசியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வருஷமாக அந்த வரியைப் பென்சிலில் வைத்திருந்தேன். படிவத்தில் பணத்துக்குத்தான் கட்டம் இருக்கிறது. இன்றைக்குப் புது நோட்டில் அரிசிக்கென்று ஒரு பத்தி போட்டு, பழைய வரியையும் மையில் எழுதிவிட்டேன்: வரவு 62 படி, அன்று இரவே செலவு 62 படி. வாசல் பலகையில் இன்று சாயந்தரம் எழுதினது இது:

பிடி அரிசி இருப்பு 41 படி. அறைச் சாவி மூன்று: பொருளாளரிடம் ஒன்று, கோயில்பிள்ளையிடம் ஒன்று, குளத்தங்கரைத் தெருப் பாட்டியிடம் ஒன்று.

கிணத்தடி | 29 நவம்பர் 2025

அண்ணாச்சி, இங்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. நாளைக் காலையில் ஆராதனைக்கு வரும்போது இரண்டு குலையும் ஒரு மூட்டை அரிசியும் கொண்டுவந்து அறையில் போட்டுவிடுகிறேன். பலகையில் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.